பின்பக்கமாகப் பார்த்த நகரம்

முதலாளியம்மா அவர்களுக்கு,

ரயில் நிலையத்துக் காத்திருப்பு அறையிலிருந்து உன் சாக்குக்காரன் எழுதுவது. எனக்கு ஒரு குறையும் இல்லை. இரண்டு காலும் விண்விண்ணென்று தெறிக்கின்றன, அவ்வளவுதான். கால் வலி என்று உனக்கு எழுதுவது நியாயமில்லை. ஆனால் உன்னிடம் மறைத்து எனக்குப் பழக்கமில்லை; மறைத்தாலும் நீ விட்டதில்லை. வேளைக்குச் சாப்பிடு. மாத்திரையைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, விழுங்கியாயிற்று என்று உன் தங்கையிடம் சொல்லாதே. அவள் நம்பிவிடுவாள், நான் நம்ப மாட்டேன்.

போனில் சொல்லக்கூடாதா, இதற்கு ஒரு கடிதமா என்று கேட்பாய். போனில் உன்னோடு பேசி ஜெயித்தவர் யார்? பிடிக்காத பேச்சு வந்தால் "சரி, அடுப்புல பால் இருக்கு" என்று வைத்துவிடுவாய். அந்தப் பால் எத்தனை காலமாகப் பொங்காமல் அடுப்பிலேயே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழிக்கலாம். ஆனால் எழுதின காகிதத்தைக் கிழிக்க உனக்கு மனசு வராது. அந்த தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் வியாபாரம். வந்த வேலை காலையிலேயே முடிந்துவிட்டது. நகரத்துக் கொள்முதல்காரர் நம் சாக்கை விரலால்கூடத் தொடவில்லை. கம்ப்யூட்டரில் படத்தைப் பார்த்தார், எடுத்துக்கொள்கிறேன் என்றார். சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டு வயிறு நிறைந்தது என்கிற மாதிரி. எனக்கென்ன, நம் சரக்கு நல்ல சரக்கு. இனி மில் இருக்கும் ஊருக்குப் போய் அடுத்த லோடுக்குச் சொல்லிவிட்டு, அடுத்த வாரம் வீடு வந்து சேர்வேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்துவிடும். வர வேண்டும்.

இப்போது நம் மகள் விஷயம். நீ முகத்தைத் திருப்பிக்கொள்வது இங்கிருந்தே தெரிகிறது. திருப்பிக்கொண்டே படி.

நம் வம்சத்தில் யாரும் வாங்காத பட்டத்தை அவள் அடுத்த மாதம் வாங்கப் போகிறாள். மாட்டு டாக்டர் என்று நீ கேலி செய்தாலும் டாக்டர் டாக்டர்தான். பட்டம் கொடுப்பது இந்த நகரத்து மகா மண்டபத்தில். அதன் படத்தை அவள் அனுப்பிய அன்று நீ பார்த்தது மண்டபத்தை அல்ல, அதன் முன்னால் மலை மாதிரி ஏறுகிற படிகளை. பார்த்துவிட்டு, "நீங்க போயிட்டு வாங்க, நான் வரல" என்று சொல்லிப் படத்தைக் கவிழ்த்து வைத்தாய். அவள் இரண்டு இருக்கை வாங்கிவிட்டாள். பயிற்சிக்காக அவள் இப்போது பண்ணை ஊரில் இருப்பதால் நேரில் பார்க்க முடியவில்லை. போனில் சொன்னாள்: "அம்மா வரலன்னா அந்த சீட்டை யாருக்கும் குடுக்காதீங்கப்பா. காலியாவே இருக்கட்டும்." அழவில்லை. உன் மகள்தானே, அழ மாட்டாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நீ ஏன் வர மாட்டாய் என்பது எனக்குத் தெரியும். நோய் உன் கால்களை எடுத்துக்கொண்ட பிறகும் நீ வெளியே வந்துகொண்டுதான் இருந்தாய். உன் தம்பி மகள் கல்யாணத்தில்தான் எல்லாம் கெட்டது. நாலு பையன்கள் ஓடி வந்து, கேட்காமல் கொள்ளாமல், சக்கர நாற்காலியோடு உன்னைத் தூக்கிப் படியேற்றினார்கள். பாதி வழியில் உன் செருப்பு கழன்று விழுந்தது. யாரோ அதை எடுத்து உன் மடியில் வைத்தார்கள். கல்யாண வீடு முழுவதும் பார்க்க, செருப்பை மடியில் வைத்துக்கொண்டு நீ உள்ளே போனாய். வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு வார்த்தை சொன்னாய்: "நான் என்ன மூட்டையா, தூக்கி இறக்க?" அதற்குப் பிறகு நீ வாசலைத் தாண்டவில்லை. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் அம்மா எங்கே என்று கேட்கிறார்கள். நான் சாக்கு வியாபாரி. மூட்டையைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் அன்றைக்கு அந்தச் செருப்பை எடுத்து வாசலில் வைத்தேன், அவ்வளவுதான்.

நான் கிளம்பும்போது நீ சொன்னாய்: "போன தடவை மாதிரி லாட்ஜ் சுவரைப் பார்த்துட்டு வராதீங்க. நாலு இடத்தைப் பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க. எனக்கு அது போதும்." உனக்கு அது போதும் என்று நீ சொன்னதுதான் எனக்குப் போதவில்லை. ஆனாலும் முதலாளியம்மா உத்தரவு. சாயங்கால ரயில் வரைக்கும் இருந்த நேரத்தில் பார்த்துவிட்டேன். பார்த்ததை இருக்கிறபடி எழுதுகிறேன். இல்லாததை இருக்கிறது என்று சொல்லி விற்கிற வேலை நம் கடையில் கிடையாது.

நிலைய வாசலில் ஒரு டாக்ஸிக்காரரைப் பிடித்தேன். பல்லுக்குச்சியைக் கடித்துக்கொண்டே பேசுகிற ஆள். "தலைவரே, ரயில் வர்றதுக்குள்ள நகரத்தையே காட்டிடறேன். இறங்கணும், பாக்கணும், போட்டோ எடுக்கணும், ஏறணும். வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கக் கூடாது" என்றார். சரி என்றேன். அந்தக் கடைசி நிபந்தனையை மட்டும் என்னால் காப்பாற்ற முடியவில்லை.

முதல் இடம் மணிக்கூண்டு. நம் கடைக்கு வரும் பழைய சாக்குகளில் இந்த ஊரில் முன்பு இருந்த மில்லின் முத்திரையாக ஒரு சின்னக் கூண்டு அச்சடித்திருக்குமே, மை அழிந்து கொசு மாதிரி தெரியுமே, அதுதான். சாக்கில் என் கட்டைவிரல் அகலம். நேரில் அண்ணாந்து பார்த்தேன், கழுத்து போதவில்லை. முள் ஒவ்வொன்றும் நம் கைவண்டியை விட நீளம். அது நகருவது தெரியவில்லை. ஆனால் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் நகர்ந்திருக்கிறது.

அங்கேதான் பழக்க தோஷம் என்னை இழுத்தது. எந்தக் கடைக்குப் போனாலும் நான் முன்வாசலைப் பார்ப்பதில்லை என்று உனக்குத் தெரியும். அது நீ சொல்லிக் கொடுத்த வித்தைதான். "முன்னாடி எல்லாரும் பணக்காரங்கதான். சரக்கு இறங்கற பக்கம் போய்ப் பாருங்க, யோக்கியதை தெரியும்" என்பாய். கால் தானாகவே கூண்டைச் சுற்றிப் பின்னால் போய்விட்டது. டாக்ஸிக்காரர் கேமராவைப் பிடித்துக்கொண்டு முன்னால் நிற்கிறார், ஆளைக் காணோம்.

பின்னால் ஒரு குட்டையான இரும்புக் கதவு. எண்ணெய்க் குவளையோடு ஒருவர் வாசலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். எட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். "பாக்கறதுக்கு என்ன இருக்கு, தொங்கறதைத்தான் பாக்கணும்" என்று தள்ளி உட்கார்ந்தார். உள்ளே இருட்டில், நம் குடோன் உயரத்தைப் போல பல மடங்கு உயரத்திலிருந்து, கம்பிக் கயிற்றில் ஓர் இரும்புக் கட்டி தொங்குகிறது. மெள்ள, நம் கண்ணுக்குத் தெரியாமல், இறங்கிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சுமை இறங்குவதில்தான் மேலே முள் ஓடுகிறதாம். இந்த நகரத்தில் இத்தனை லட்சம் பேர் அவசர அவசரமாக ஓடுவதெல்லாம் யாரோ ஒரு மூட்டையை மேலே ஏற்றிக் கட்டி வைத்ததால்தான்.

சத்தமே இல்லையே என்று கேட்டேன். "ஓடறதுக்குத்தான் எண்ணெய். நின்னு போனதுக்கு எதுக்கு?" என்றார். உன் நாற்காலி ஞாபகம் வந்தது. அது கிறீச்சிட ஆரம்பித்த நாளிலிருந்து எண்ணெய் போடச் சொல்கிறேன். சைக்கிள் கடைக்காரரைக் கூப்பிட்டு வந்தால், "இந்த ரூம்லேர்ந்து அந்த ரூமுக்குப் போக எண்ணெய் எதுக்கு" என்று திருப்பி அனுப்பினாய்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கூண்டுக்கு உள்ளே சுருள் படிதான், உனக்கு வழி இல்லை. வெளியே நின்று பார்க்கலாம். அதில் உனக்கும் எனக்கும் ஒரே கழுத்துவலிதான்.

அடுத்தது பெரிய பாலம். டாக்ஸிக்காரர் பாலத்தின் மேல் நிறுத்தி, "பாருங்க, ஆறு" என்றார். ஆறு பெரிய ஆறுதான். ஆனால் என்னால் மேலே நிற்க முடியவில்லை. இதைத் தாங்குவது எது என்று பார்க்காமல் எப்படி நிற்பது? மணல் லாரி போகும் மண் பாதையில் கீழே இறங்கிவிட்டேன். "தலைவரே, பாலத்தை மேலேர்ந்துதான் பாப்பாங்க" என்று அவர் கத்திக்கொண்டே பின்னால் வந்தார்.

பாலத்துக்கு அடியில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் பாலம் தெரியும். வானத்தை மறைத்துக்கொண்டு ஒரு இரும்புக் கூரை. அதன் மேல் நகரமே ஓடுகிறது. சத்தம் இடி மாதிரி இறங்கி வந்து நம் விலா எலும்பில் தட்டுகிறது. அத்தனைக்கும் நடுவில், இரும்புச் சட்டத்தின் இடுக்கில் புறாக்கள் தூங்குகின்றன. மேலேயிருந்து இறங்கும் கம்பிக் கயிறு ஒன்று கரையில் கல்லுக்குள் புதைகிறது. என் இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தேன், அடங்கவில்லை. கிட்டத்தில் பார்த்தால் அத்தனையும் சின்னச் சின்னக் கம்பிகள். நம் சணல் சங்கதிதான்: ஒற்றை இழையைப் பல்லால் அறுக்கலாம், முறுக்கிவிட்டால் யானை இழுத்தாலும் வராது. நீ உட்கார்ந்து முறுக்கிய சணலை நினைத்துக்கொண்டேன். டாக்ஸிக்காரரும் அண்ணாந்து பார்த்தார். வாயைப் பிளந்துகொண்டு நிற்கக் கூடாது என்று அவருக்கு ஞாபகப்படுத்தினேன். "இத்தனை வருஷமா மேலேயே ஓட்டிக்கிட்டு இருக்கேன், கீழ இது இருக்கறதே தெரியாது" என்றார்.

பாலத்து நடைபாதை வழுவழுப்பான சிமெண்ட். ஏறுகிற இடத்தில் படி இல்லை, சரிவு. காற்று மட்டும் பலமாக அடிக்கிறது. தலைக்கு ஒரு துண்டு வேண்டும். இதை ஏன் எழுதுகிறேன் என்று கேட்காதே. பார்த்ததை எழுதச் சொன்னாய், எழுதுகிறேன்.

பிறகு அருங்காட்சியகம். முன்பக்கத்தில் டிக்கெட்டுக்கு வரிசை நின்றது, வால் தெரியாத வரிசை. நின்றால் ரயில் போய்விடும். டாக்ஸிக்காரர் இப்போது தேறிவிட்டார். நான் சொல்வதற்கு முன்னால் அவரே, "பின்னாடி போயிடலாமா" என்றார். பின்னால் ஒரு லாரியிலிருந்து ஏதோ பிரம்மாண்டமாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். உடம்பு முழுவதும் சாக்கு சுற்றிக் கட்டியிருந்தது. பக்கத்தில் போனதும் என் கை சும்மா இருக்குமா? தடவிப் பார்த்தேன். இரட்டை இழை நெசவு, நல்ல கனம், பழைய சரக்கு. இந்த மாதிரி இப்போது யாரும் நெய்வதில்லை. காவலாளி அதட்டினார்: "ஐயா, தொடாதீங்க. உள்ள இருக்கறது கல் சிங்கம், எந்தக் காலத்துதுன்னே தெரியாது." நான் சிங்கத்தைத் தொடவில்லை, அதன் சட்டையைத்தான் தொட்டேன் என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

அந்தச் சிங்கத்தை எப்படி உள்ளே கொண்டுபோனார்கள் தெரியுமா? யாரும் தூக்கவில்லை. தூக்கவும் முடியாது. சக்கரப் பலகையில் வைத்து, சரிவான பாதையில், ஒரு குலுக்கல் இல்லாமல், அது பாட்டுக்கு உள்ளே போயிற்று. வழியில் நின்றவர்கள் எல்லாரும் ஒதுங்கி வழி விட்டார்கள். முன்பக்கம் போய்ப் பார்த்தேன்; படிக்கட்டில் ஜனம் முட்டி மோதி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறது. அங்கேயே நின்று யோசித்தேன். இந்த நகரத்தில் விலைமதிக்க முடியாத பொருள் எதுவும் படியேறி உள்ளே போனதில்லை.

ஊர் நடுவில் இருக்கிற உயரக் கோபுரத்தை இறங்கிப் பார்க்கவில்லை. "அது எங்கேர்ந்து பாத்தாலும் தெரியும். அதுதான் நம்மளைப் பாக்கும்" என்றார் டாக்ஸிக்காரர். உண்மைதான். போகிற தெருவெல்லாம் கூடவே வந்தது, கடன்காரன் மாதிரி.

கடைசியாக மகா மண்டபம். வேண்டுமென்றேதான் கடைசியில் வைத்தேன்.

படம் பொய் சொல்லவில்லை. படத்தில் பார்த்ததைவிடப் படிகள் அதிகம். தெருவின் அகலத்துக்கு வெள்ளைக் கல் படி, ஏற ஏற மேலே போய்க்கொண்டே இருக்கிறது. உச்சியில் தூண்கள், தூணுக்கு மேலே வானத்தில் ஒரு குவிமாடம். கட்டியவன் மனிதனுக்காகக் கட்டவில்லை. கீழேயே நின்றுவிட்டேன். அழகினால் பாதி, உன்னை நினைத்துப் பாதி.

பாதியில் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்து மேலே போனேன். சீருடைக்காரர் ஒருவர் நின்றார், மரியாதையான மனிதர். பட்டமளிப்புக்கு என் வீட்டுக்காரி சக்கர நாற்காலியில் வருவாள், என்ன வழி என்று கேட்டேன். "கவலையே படாதீங்க சார். நாலு ஆளுங்க இருக்காங்க. அம்மாவைப் பூ மாதிரித் தூக்கிட்டு வந்து உக்கார வெச்சுடுவோம்" என்றார். பூ மாதிரி. அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். நீ பக்கத்தில் இருந்திருந்தால் அவருக்குக் காது மிஞ்சியிருக்காது. நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன். நேராகப் பின்பக்கம் நடந்தேன்.

பின்பக்கம் வேறு உலகம். சரக்கு லாரிகள், காலி அட்டைப் பெட்டிகள், துடைப்பம் காய்கிற கம்பி. அங்கே இடுப்பில் சாவிக்கொத்து தொங்க ஒரு பெண்மணி, சாமான்களுக்கெல்லாம் பொறுப்பு அவர்தானாம். என்னைப் பார்த்ததும், "இது சாமான் போற வழி. ஆளுங்க போற வழி முன்னாடி" என்றார். குரலைக் கேட்டதும் எனக்குக் கடையில் நீ உட்கார்ந்திருந்த காலம் ஞாபகம் வந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். முறைத்தார். பிறகு ஒரு கதவைத் திறந்து காட்டினார். நீளமான சரிவுப் பாதை, இரண்டு பக்கமும் கைப்பிடி, உள்ளே வளைந்து போகிறது. வாத்தியங்கள் எல்லாம் இந்த வழியாகத்தான் வருமாம். பியானோ என்று ஒன்று இருக்கிறதே, நம் வீட்டு முன்னறை அளவு, அதுவும் இப்படித்தான்.

நீ சொல்லிக் கொடுத்தது: சரிவை யார் சொன்னாலும் நம்பக் கூடாது, சணல் உருண்டையை விட்டுப் பார்க்க வேண்டும். பையில் எப்போதும் ஒன்று இருக்குமே, அதை எடுத்துத் தரையில் வைத்தேன். நம் குடோன் சரிவில் விட்டால் அது தெருவுக்கே ஓடிவிடும். இங்கே அது ஓடவில்லை, நடந்தது. நிதானமாக, நின்று நின்று யோசித்துக்கொண்டு இறங்கிற்று. அவ்வளவு லேசான சரிவு. கோணி ஊசி பிடித்துச் சாக்குத் தைத்த உன் கைக்கு இதில் சக்கரத்தை உருட்டுவது ஒரு வேலையே இல்லை.

இத்தோடு விடவில்லை. வாங்காத சரக்கை நான் எப்படி விற்பது? அங்கே சாமான் ஏற்றும் பலகை வண்டி ஒன்று நின்றது. அதில் நான் உட்காருகிறேன், தள்ளிக்கொண்டு போங்கள் என்றேன். சாவிக்காரம்மா, "நீங்க விழுந்தா நான்தான் பதில் சொல்லணும்" என்றார். விழுந்தால் என் பொறுப்பு என்றேன். டாக்ஸிக்காரர் பல்லுக்குச்சியைத் துப்பிவிட்டு, "தலைவரே, இதுக்குத் தனிக் கட்டணம் கிடையாது, நானே வர்றேன்" என்று கூட வந்தார். ஒரு கூலிக்காரர் தள்ளினார். நான் திரும்பி ஏதோ கேட்டேன். "ஆடாம உக்காருங்க. சாமான் வாய் பேசாது" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

ஆனால் ஒரு சங்கதி. வளைவு வந்ததும் கூலிக்காரர் டாக்ஸிக்காரரிடம் கேட்டார்: "இவரை எங்க இறக்கணும்?" வண்டியில் உட்கார்ந்திருப்பது நான். வாய் இருக்கிறது, காது இருக்கிறது. என் தலைக்கு மேலே இரண்டு பேர் என்னைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். எதிரே வந்தவர்களின் முகம் தெரியவில்லை, இடுப்பு வார்தான் தெரிந்தது. ஒரு நிமிஷம்தான் இருக்கும். நீ எத்தனை வருஷமாக அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறாய் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் இருட்டுப் பாதை முடிந்தது.

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. இவ்வளவு நேரம் பேனா ஓடியது, இங்கே நிற்கிறது. முன்வாசல் வழியாக வருகிறவர்கள் படி தடுக்காமல் இருக்கக் காலைப் பார்த்துக்கொண்டே வருவார்கள். குவிமாடத்தைப் பிறகுதான் பார்ப்பார்கள். உட்கார்ந்து வருகிறவனுக்குப் பார்ப்பதற்கு மேலே தவிர வேறு எதுவும் இல்லை. வண்டி மெள்ள உருள உருள, இருட்டின் விளிம்பு பின்னால் நகர, தலைக்கு மேலே அது திறந்துகொண்டே வந்தது. திறந்து முடியவில்லை. நாம் முதலில் சாக்கு வாங்கி விற்ற நாட்களில், ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க நீ ஒவ்வொரு சாக்கையும் வெயிலில் தூக்கிப் பிடிப்பாயே, உன் முகத்தில் பொடிப்பொடியாக வெளிச்சம் விழுமே, அதுதான். அதேதான், வானத்தின் அளவுக்கு. ஆயிரம் சின்னக் கண்ணாடி வழியாக வெளிச்சம் சலித்துச் சலித்துக் கீழே விழுகிறது. தரையில், காலி நாற்காலிகளில், என் கையில், எல்லாவற்றிலும் புள்ளி புள்ளியாக வெயில். எந்த ஓட்டையிலும் ஒட்டுப்போட வேண்டிய அவசியம் இல்லை. கூலிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டார். டாக்ஸிக்காரர் மறுபடி வாயைப் பிளந்துகொண்டு நின்றார். சாவிக்காரம்மாகூடச் சாவி குலுங்காமல் பிடித்துக்கொண்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் நீ இல்லையே என்றுதான். அத்தனை பேர் இருந்தும்.

வண்டி நின்ற இடம் எது தெரியுமா? மேடைக்குப் பக்கவாட்டில், முதல் வரிசைக்கு முன்னால். படியேறி வருகிற பெற்றோர்கள் எல்லாம் கடைசியில் உட்கார்ந்து பிள்ளையின் தலையைத் தேட வேண்டும். இந்த வழியில் வந்தால் அவள் பட்டம் வாங்கிக்கொண்டு இறங்குகிற இடம் கைக்கு எட்டும் தூரம்.

நீ அடுத்து என்ன கேட்பாய் என்பதும் தெரியும். "திருட்டுப் பூனை மாதிரி நான் ஏன் பின்வாசல்ல வரணும்?" அதையும் சாவிக்காரம்மாவிடம் கேட்டுவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பட்டம் குடுக்க வர்ற பெரியவங்க இந்த வழி. பாட வர்றவங்க இந்த வழி. முன்படி வேடிக்கை பாக்க வர்றவங்களுக்கு" என்றார். எனக்கு அதற்கு மேல் கேள்வி இல்லை. உனக்கு இருந்தால் அவரிடமே கேட்டுக்கொள். இரண்டு பேரும் மோதினால் யார் ஜெயிப்பீர்கள் என்று பார்க்க எனக்கும் ஆசை.

ஒரு குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். பாதை முடிகிற இடத்தில் நிலைப்படி, ஒரு விரல் உயரம். பலகை போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். பலகையைக் காட்டச் சொல்லி, அதன் மேல் ஏறிக் குதித்தும் பார்த்தேன். தாங்குகிறது. அன்றைக்கு யாரும் உன் நாற்காலியைத் தொட வேண்டியதில்லை. நானும் தொட மாட்டேன். நான் பாட்டுக்கு முன்னால் போய்ப் படியேறி வருகிறேன். உச்சியில் நின்று மூச்சு வாங்கி, நான் உள்ளே வந்து சேர்வதற்குள் நீ உன் கையாலேயே உருட்டிக்கொண்டு வந்து, மேலே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். ஏன் இவ்வளவு நேரம் என்று என்னைத் திட்டவும் செய்வாய்.

வேறு விசேஷம் இல்லை. நம் குடோன் பின்பக்கச் சரிவில் கிடக்கிற பழைய சாக்குக் கட்டுகளையெல்லாம் எடுத்து ஒதுக்கிவிட்டு, சரிவை நீட்டிப் பூசச் சொல்லிக் கணக்கப்பிள்ளைக்குப் போன் செய்திருக்கிறேன். அது உனக்காக இல்லை. எலி வருகிறது. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நீ உட்கார்ந்திருந்த மர நாற்காலியையும் எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக வைக்கச் சொன்னேன். அதுவும் எலிக்காகத்தான்.

ரயில் வரப்போகிறது என்று அறிவிக்கிறார்கள். டாக்ஸிக்காரர் போகும்போது, "அம்மாவைக் கூட்டிட்டு வாங்க தலைவரே. பாலத்துக்கு அடியில அவங்களை நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். மண் பாதை, சக்கரம் புதையும் என்றேன். "அதுக்குள்ள பலகை ரெடி பண்ணிடறேன்" என்றார்.

உன்னை நான் வற்புறுத்த மாட்டேன். பேரம் பேசி உன்னிடம் நான் எதையும் வாங்கியதில்லை. நீயாகக் கொடுத்ததுதான் எல்லாம். வா என்று போனில் கேட்க மாட்டேன், வருகிறேன் என்று நீ வாயால் சொல்லவும் வேண்டாம். தினமும் சைக்கிள் கடைக்காரர் எண்ணெய்க் குவளையோடு நம் வீட்டுப் பக்கம் போவார். அவரைக் கூப்பிடுவதும் கூப்பிடாததும் உன் இஷ்டம். அடுத்த வாரம் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது நீ உள்ளேயிருந்து உருட்டிக்கொண்டு வருவாய். சக்கரம் கிறீச்சிட்டால் நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். டீ குடித்துக்கொண்டு சாக்கு விலையைப் பேசுவோம்.

சத்தமில்லாமல் வந்து நில், முதலாளியம்மா.

என்றும் உன்,
சாக்குக்காரன்